மின்னுக்கும் ஒரு கொள்ளிடம்

'குறுக்குப் பேச்சு' என்னும் சொல்லை மின்னணுப் பொறியாளர்கள் இன்று நாள்தோறும் வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் 'கிராஸ்டாக்' எனப்படும் இச்சொல் பிறந்த இடம் தொலைபேசிக் கம்பி. ஐம்பது வயதைக் கடந்த வாசக அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொலைபேசியைக் காதில் வைத்தால், நாம் அழைத்தவரின் குரலுக்குப் பின்னே யாரோ இருவர் நெல் விலையைப் பற்றியோ, பெண் பார்க்கப் போன செய்தியைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பது மெல்லக் கேட்கும். அவர்கள் நம்மை அழைக்கவில்லை; நாமும் அவர்களை அழைக்கவில்லை. மழைநீர் புகுந்த கேபிளில் ஈரக்கசிவால் இது நேர்வதுண்டு. ஆனால் காப்புறை சிறிதும் கெடாத கம்பிகளுக்கிடையிலும், ஒன்றையொன்று தொடாமலே, ஒன்றின் பேச்சு மற்றொன்றில் ஏறிவிடும் என்பதுதான் வியப்பு.

தொலைபேசியில் இது பெரும்பாலும் வேடிக்கையாகக் கழிந்தது. அதே குறுக்குப் பேச்சு இன்று உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகைக்குள் குடிபுகுந்திருக்கிறது. கைப்பேசியிலும், வீட்டு இன்வெர்ட்டரிலும், மருத்துவமனைப் படுக்கையருகே ஒலிக்கும் கருவியிலும் அத்தகைய பலகையே இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற செப்புத் தடங்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி ஓடுகின்றன. அங்கே ஒரு தடத்தின் பேச்சு இன்னொரு தடத்தில் ஏறினால், கேட்டுச் சிரிப்பதற்கு ஒருவரும் இல்லை. கருவி அதனை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும்.

குருமடத்தில் இறையியல் கற்ற நமக்கு இப்பொருளில் ஈடுபாடு உண்டாகக் காரணமானவர் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். திருவரங்கத் தீவில் பெற்றோருடன் வாழ்பவர். ஆற்றைக் கடந்து நம் ஆலயத்திற்கு வருபவர். சிறிய நிறுவனம் ஒன்றில் மின்சுற்றுப் பலகைகளை வடிவமைப்பது அவருடைய தொழில். 2022-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அவர் முகம் வாடியிருப்பதைக் கண்டு, திருப்பலிக்குப்பின் பங்கு இல்லத்திற்கு அழைத்துப் பேசினோம். நோயாளியின் இதயத்துடிப்பை எண்ணிக் காட்டும் கருவி ஒன்றை அந்நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. அமைதியாகப் படுத்திருப்பவருக்கு நிமிடத்திற்கு 72 என்று காட்டும் கருவி, காட்சித்திரை மாறும் வேளைகளில் திடீரென 90 என்றும் 100 என்றும் காட்டி அபாய ஒலி எழுப்பிற்று.

"அளக்கிற பகுதியும் சரியா இருக்கு, ஃபாதர், கணக்குப் போடுற பகுதியும் சரியா இருக்கு. ரெண்டையும் ஒரே பலகையில வச்சா பொய் சொல்லுது" என்றார் அவர்.

அவரை வாட்டியது அதுமட்டும் அன்று. கருவியை ஒப்படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பொருந்தாத துடிப்புகளை மென்பொருளிலேயே தள்ளிவிட்டால் திரையில் எண் நிலையாக நிற்குமே என்று நிறுவனத்தின் உரிமையாளர் கூறியிருந்தார். கேட்பதற்கு எளிய வழி. "தள்ளப்படுவது பொய்த் துடிப்பு மட்டும்தானா, தம்பி?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதைத்தான் என்னால உறுதியாச் சொல்ல முடியல, ஃபாதர். நிஜமாவே ஒருத்தருக்கு இதயம் தாறுமாறா அடிச்சா, அதையும் சேர்த்துத் தள்ளிடும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்த பொறுப்பு நம்மை உலுக்கியது. நோயின் அடையாளமும் கருவியின் பிழையும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்போது, இரண்டையும் சேர்த்து வாயடைப்பது எவ்வாறு தீர்வாகும்? மறுபுறம், அவ்வாறே விட்டுவிட்டால் பொய் ஒலியைப் பலமுறை கேட்ட செவிலியர் மெய்யான ஒலியையும் பொருட்படுத்தாமல் விடுவர். இரண்டிலும் இழப்பு நோயாளிக்கே. ஆகவே பிழையின் வேரைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் தெளிந்தார். அதற்குப்பின் மாலை வேளைகளில் அவர் தாள்களை விரித்து வரைந்து காட்ட, நாமும் ஒரு மாணவரைப்போல் அமர்ந்து கேட்கலானோம். அவ்வாறு கற்றவற்றையே இங்கே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மின்னோட்டம் ஒருவழிப் பயணம் செய்வதில்லை. புறப்பட்ட இடத்திற்கே அது திரும்பியாக வேண்டும். மின்கலமும் விளக்கும் இரண்டு கம்பிகளும் கொண்டு பள்ளியில் நாம் கற்ற முதற்பாடம் இதுதான். எனினும் மனிதனின் சிக்கன உணர்வு விரைவிலேயே இரண்டாம் கம்பியை மறக்கச் செய்தது. 1838-இல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஷ்டைன்ஹைல் என்னும் அறிஞர், தந்திக்கு ஒரு கம்பி போதும், திரும்பும் வழியாக மண்ணையே கொள்ளலாம் என்று கண்டார். கம்பிச் செலவு ஏறத்தாழப் பாதியாயிற்று. 1876-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபின் இழுக்கப்பட்ட தொடக்ககாலத் தொலைபேசிக் கம்பிகளும் அவ்வாறே மண்ணை நம்பின. மண்ணோ எல்லார்க்கும் பொது. எல்லாருடைய மின்னோட்டமும் அதில் கலந்தது. தந்தியின் தட்டொலி பேச்சினூடே கேட்டது. மேலைநாட்டு நகரங்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியதும், அவற்றின் பெருமின்னோட்டம் மண்வழியே திரும்புகையில் தொலைபேசிகள் இரையலாயின.

இதற்குத் தீர்வு கூறியவர்களுள் பெல்லும் ஒருவர். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி இணையாகக் கொண்டுசெல்லும் முறைக்கு 1881-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஒவ்வோர் உரையாடலுக்கும் தனக்கே உரிய திரும்பும் வழி, அதுவும் போகும் வழிக்கு மிக அருகில். இன்று கணினிக்கு வரும் இணையக் கம்பியை வெட்டிப் பார்த்தால், உள்ளே நான்கு முறுக்கிய இணைகளைக் காணலாம். நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கியும் அக்கருத்து மாறவில்லை.

அருகருகே ஓடும் இரு கம்பிகள் ஏன் ஒன்றோடொன்று பேசுகின்றன? 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதற்கு ஒரு காரணம். ஒரு கம்பியில் மின்னோட்டம் மாறும்போது அதனைச் சூழ்ந்த காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் அண்டைக் கம்பியில் ஒரு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. தெருமுனையிலுள்ள மின்மாற்றி இதனாலேயே இயங்குகிறது. அங்கே நாம் வேண்டிச் செய்வது, பலகையில் வேண்டாமலே நேர்கிறது. அன்றியும், இரு தடங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஒரு சிறு மின்தேக்கியாகவும் செயற்பட்டு, ஒன்றின் அசைவை மற்றொன்றுக்குக் கடத்துகிறது. இரண்டிலும் விளைவைத் தீர்மானிப்பது மாற்றத்தின் விரைவே. மெல்ல மாறுவது அண்டையில் உறங்குவோரை எழுப்பாது. சட்டென மாறுவது எழுப்பிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தை அவ்விளைஞர் வற்புறுத்திக் கூறினார். 'அதிவேகப் பலகை' என்றால் நொடிக்கு எத்தனை துடிப்பு என்றே பலரும் கேட்பர். கேட்க வேண்டியது, ஒவ்வொரு துடிப்பும் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு ஏற எவ்வளவு நேரம் கொள்கிறது என்பதே. நொடிக்கு ஒருமுறை மட்டுமே மாறும் சைகையும், ஒரு நானோ நொடியில் ஏறினால், அதிவேகச் சைகைதான். நானோ நொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்லும், கண்ணாடியிழைப் பலகையின் தடத்தில் மின்சைகை ஏறத்தாழ அதில் பாதியாகிய 15 செ.மீ. செல்லும். இந்நீளத்தில் ஆறில் ஒரு பங்காகிய 2.5 செ.மீ. அளவைத் தாண்டும் தடத்தை வெறும் கம்பி என்று கருதலாகாது, அலை ஓடும் வாய்க்கால் என்றே கருத வேண்டும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அதே வேலையைச் செய்யும் சில்லுகளும் தலைமுறைக்குத் தலைமுறை விரைவாக ஏறி இறங்குவதால், முன்பு அமைதியாக இருந்த பழைய பலகையில் புதிய சில்லைப் பொருத்தியதும் இரைச்சல் தோன்றுவதுண்டு.

இத்தகைய பலகையின் உள்ளடுக்கு ஒன்றில், தடம் ஏதும் வரையாமல், முழுப் பரப்பையும் செப்புத் தகடாகவே விட்டுவிடுவர். அதற்குத் 'தரை' என்று பெயர். செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. புதிதாகப் பார்ப்பவருக்கு அது பயன்படாமற் கிடக்கும் வெற்றிடமாகத் தோன்றும். தடங்களிற் செல்லும் மின்னோட்டங்கள் யாவும் திரும்பிவரும் வழி அதுவே. மெல்ல மாறும் மின்னோட்டம் அத்தகட்டில் அகலப் பரந்து, மின்தடை குறைந்த வழியே திரும்பும். விரைந்து மாறும் மின்னோட்டமோ, தன் தடத்தின் நேர்கீழே, அதன் வளைவு நெளிவுகளையெல்லாம் பின்பற்றி, நிழலைப்போல் திரும்பும். போகும் வழியும் வரும் வழியும் நெருங்கியிருந்தால் அவற்றுக்கிடைப்பட்ட பரப்பு சிறிது; பரப்பு சிறிதானால் தூண்டலின் தடுப்பும் சிறிது. மின்னோட்டம் அந்த எளிய வழியையே நாடுகிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. தடத்திற்கும் தரைத்தகட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தை ஓர் அளவுகோலாகக் கொள்வோம். திரும்பும் மின்னோட்டம் தடத்தின் நேர்கீழே மிகச் செறிந்திருக்கும். அங்கிருந்து பக்கவாட்டில் ஓர் உயரம் தள்ளினால் செறிவு பாதியாகும். மூன்று உயரம் தள்ளினால் பத்தில் ஒன்று. பத்து உயரம் தள்ளினால் ஏறத்தாழ நூறில் ஒன்று. அண்டைத் தடத்தில் ஏறும் குறுக்குப் பேச்சும் ஏறத்தாழ இதே விகிதத்தில் குறைகிறது. ஆகவே அதனைத் தணிக்க வழிகள் இரண்டு: தடங்களை ஒன்றினின்று ஒன்று விலக்கலாம், அல்லது தரையைத் தடங்களுக்கு அருகே கொண்டுவரலாம். இடமில்லாத சிறு பலகையில் முன்னதைச் செய்வது அரிது. பின்னதற்கு இடம் வேண்டியதில்லை.

அப்படியானால் அவ்விளைஞரின் பலகையில் என்ன நேர்ந்தது? இதயத்தின் மின்துடிப்பு தோலின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவே இருக்கும். அதே பலகையில் கணக்கிடும் சில்லுகளின் சைகைகளோ 3.3 வோல்ட், அதாவது மூவாயிரம் மடங்குக்கும் மேல். மெல்லிய குரலையும் பேரிரைச்சலையும் ஒரே கூடத்தில் வைக்க அஞ்சிய அவர், தமக்குக் கற்பிக்கப்பட்டபடி தரைத்தகட்டை நடுவே வெட்டி இரண்டாகப் பிரித்தார். அளக்கும் பகுதிக்கு ஒரு தரை, கணக்கிடும் பகுதிக்கு ஒரு தரை, இரண்டையும் இணைக்க ஓரிடத்தில் மட்டும் சிறு பாலம். மெல்ல மாறும் சைகைகளுக்கு இம்முறை பயன்பட்டதுண்டு. ஆனால் அவ்வெட்டைத் தாண்டிப் பன்னிரண்டு தடங்கள் மேலடுக்கில் ஓடின. போகும் வழி இருந்தது; அதற்கு நேர்கீழே திரும்பும் வழி இல்லை.

இவ்விடத்தை நமக்கு விளங்க வைக்க அவருக்கு உவமை தேட வேண்டியிருக்கவில்லை. திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் அப்போதுதான் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. மாம்பழச்சாலையிலிருந்து சிந்தாமணிக்குச் சில நிமிடங்களில் வந்துகொண்டிருந்த பேருந்துகள், தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தன. தீவிலிருந்து வருவோருக்கு மட்டும் அது தொல்லையாக இருக்கவில்லை. அந்த நெடுஞ்சாலையில் தம் வழியே போய்க்கொண்டிருந்தவர்களும் நெரிசலில் சிக்கினர். காவிரிப் பாலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் அதன் மூடலால் காத்து நிற்க நேர்ந்தது. "என் பலகையிலயும் இதேதான், ஃபாதர். பன்னிரண்டு தடத்தோட வண்டியெல்லாம் அந்த ஒரு சின்னப் பாலத்தைச் சுத்திக்கிட்டுத் திரும்புது, இதயத்துடிப்பு வர்ற வழியும் அங்கேதான்" என்றார். பன்னிரண்டு மின்னோட்டங்களும் ஒரே நெருக்கடியில் திரும்பும்போது ஒன்றின் அசைவு எல்லாவற்றிலும் ஏறும். போக்குக்கும் வரவுக்கும் இடையே திறந்துகொண்ட பெரும் பரப்பு, இரைச்சலை வெளியே வீசும் வளையமாகவும் ஆயிற்று. பாதுகாப்புக்கென்று வெட்டிய வெட்டே பகையாக மாறியிருந்தது.

நிறுவனத்தில் வேறோர் ஆலோசனையும் எழுந்ததாம்: "நல்ல எர்த் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." நம் இல்லங்களில் குழி தோண்டி, குழாயோ தகடோ புதைத்து, கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றி வளர்க்கும் புவித்தொடுப்பு மிகத் தேவையானது, அதற்கென ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரவிதி உண்டு. அதன் நோக்கம் மனித உயிரைக் காப்பது. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதனைத் தொடுபவர் வழியே பாயாமல் தனி வழியே செலுத்தி, உருகியை உருகச் செய்து இணைப்பைத் துண்டிப்பது அது. பலகைக்குள் ஒரு நானோ நொடியில் எழும் சலசலப்பை அது தீர்க்காது. பல மீட்டர் தொலைவிலுள்ள குழியைச் சைகை சென்று சேருமுன்பே பலகைக்குள் கெடுதல் நடந்து முடிந்துவிடும். 1975-இல் விண்ணிற் சென்ற ஆரியபட்டாவுக்குக் கரியும் உப்பும் இட்ட குழி ஏது? அதற்கும் அதனுள்ளேயே ஒரு தரை இருந்தது. பலகைக்குத் 'தரை' என்பது மண்ணைக் குறிப்பதில்லை. எல்லா மின்னோட்டங்களும் திரும்பிச் சேரும் பொது இடத்தைக் குறிப்பது.

இங்கே நம் ஆலயங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுவோம். ஒலிபெருக்கியை ஒரு மூலையிலும் பாடகர் குழுவின் கீபோர்டை மறுமூலையிலும் தனித்தனி மின்முனைகளிற் செருகி, இரண்டையும் ஒலிக்கம்பியால் இணைக்கும்போது 'உம்' என்ற இடையறாத இரைச்சல் எழுவதைப் பலரும் கேட்டிருப்பர். இரு முனைகளின் புவித்தொடுப்பும் ஒலிக்கம்பியின் உறையும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகிவிடுவதே இதற்குக் காரணம். நம் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அலை அதில் ஓடுகிறது. இரைச்சலை நிறுத்தவேண்டிச் சிலர் மூன்றுமுனைச் செருகியின் தடித்த முனையைக் கழற்றிவிடுகின்றனர். இரைச்சல் நிற்கும், அன்றுமுதல் ஒலிவாங்கியைப் பிடிப்பவரின் உயிருக்குக் காப்பும் நிற்கும். இரு கருவிகளையும் ஒரே மின்முனைத் தொகுதியில் இணைப்பதும், அது இயலாவிடத்து ஒலிக்கம்பியில் தனிமின்மாற்றி ஒன்றை இடுவதுமே தக்க வழிகள்.

மீண்டும் பலகைக்கு வருவோம். 1993-இல் ஹோவர்ட் ஜான்சன், மார்ட்டின் கிரகாம் ஆகிய இருவர் அதிவேக இலக்கமுறை வடிவமைப்பைப் பற்றி வெளியிட்ட நூல், தன் துணைத்தலைப்பில் தன்னை மாந்திரீகக் கையேடு என்று நகைச்சுவையாக அழைத்துக்கொண்டது. இத்துறையின் பிழைகள் அன்று பலருக்கும் அவ்வாறே தோன்றின. ஒரு தடத்தைச் சற்று நகர்த்தினால் கருவி பிழைக்கும், இன்னொன்றை நகர்த்தினால் சாகும், காரணம் விளங்காது. ஆனால் அந்த மாந்திரீகத்தின் பெரும்பகுதி, ஒவ்வொரு மின்னோட்டமும் எவ்வழியே திரும்புகிறது என்று பொறுமையுடன் விரல்வைத்துத் தேடுவதில் அடங்கிவிடுகிறது. அவ்விளைஞரும் அதையே செய்தார். வெட்டை மூடித் தரையை ஒரே தகடாக்கினார். பிரிக்க வேண்டியவற்றைத் தரையில் பிரிக்காமல் இடத்தில் பிரித்தார்: அளக்கும் சில்லுகள் ஒரு கோடியில், கணக்கிடும் சில்லுகள் மறுகோடியில், இடையே ஓடும் தடங்கள் மிகச் சில. ஒரு தடம் ஓர் அடுக்கிலிருந்து வேறோர் அடுக்குக்கு இறங்கும் இடந்தோறும், அதன் மின்னோட்டம் திரும்புவதற்கென அருகிலேயே தரைக்கு ஒரு துளையிணைப்பும் வைத்தார்.

புதிய பலகையைச் செய்ய மூன்று வாரம் தாமதமாகும் என்று உரிமையாளரிடம் சொல்வது, பலகையைத் திருத்துவதைவிடக் கடினமாக இருந்திருக்கும். மென்பொருளால் மறைத்தால் எத்தகைய மெய்த்துடிப்புகள் மறையும் என்பதைத் தாளில் வரைந்து காட்டினாராம். உரிமையாளர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்திருந்துவிட்டு, செலவுக்கு ஒப்புக்கொண்டார். அவரும் நல்லவரே. நெருக்கடியில் இருக்கும் நல்லவருக்கு உண்மையைப் படமாக வரைந்து காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

புதிய பலகையிலும் பிழை முற்றிலும் நீங்கிவிடவில்லை. பொய்த் துடிப்புகள் மிகக் குறைந்தன; ஆயினும் எப்போதாவது ஒன்று வந்தது. தேடியதில், காட்சித்திரைக்குச் செல்லும் இணைப்பானில் சைகைகளுக்குப் பல முனைகள் இருக்க, தரைக்கு ஒரே முனை விடப்பட்டிருந்தது தெரிந்தது. அவர் போட்டுக் காட்டிய கணக்கு எளிது. அம்முனையின் தூண்டல் 10 நானோஹென்றி. ஒரு சைகை 2 நானோ நொடியில் 20 மில்லிஆம்பியர் மாறினால், அம்முனையில் எழும் மின்னழுத்தம் 0.1 வோல்ட். எட்டுச் சைகைகள் ஒரே கணத்தில் மாறினால் 0.8 வோல்ட். ஒரு மில்லிவோல்ட் இதயத்துடிப்பைக் கேட்கக் காத்திருக்கும் கருவியில், யாவரும் அசையாதது என்று நம்பிய தரையே அதைப்போல் எண்ணூறு மடங்கு குதிக்கிறது. இணைப்பானை மாற்றி, சைகை முனைகளுக்கிடையே தரை முனைகளைப் பரப்பி வைத்தபின் அதுவும் அடங்கிற்று.

இவற்றையெல்லாம் கேட்டபின் ஒருநாள் கொள்ளிடக் கரையில் நடக்கையில் ஓர் எண்ணம் தோன்றிற்று. மேற்கே முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம், திருவரங்கத்தைத் தீவாக்கி, கிழக்கே கல்லணையருகே மீண்டும் காவிரியை நெருங்குகிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே கொள்ளிடம் ஆயிற்று என்பர். ஆடிப் பெருக்கன்று மக்கள் கூடுவது காவிரிக் கரையில், அம்மா மண்டபத்தில். கொள்ளிடமோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. ஆயினும் காவிரி தாங்காத நீர் வரும்போது அதனை ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசெல்வது அந்த மணற்பரப்புதான். அதன் ஆழம் மிகுந்து காவிரிக்குரிய நீரையும் அது இழுத்துக்கொண்டபோது, 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டி அளவை நிலைப்படுத்தினார். 2018 ஆகஸ்டில் வெள்ளம் பெருகி வந்த நாளில் அவ்வணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோதுதான், இந்த ஏற்பாட்டை எவ்வளவு காலம் நினையாதிருந்தோம் என்பது நம்மில் பலருக்கு உறைத்தது.

ஊருக்கு மட்டும் அன்று, வீட்டிற்கும் ஒரு கொள்ளிடம் வேண்டும். எல்லாரும் பேசும் இல்லத்தில் எல்லாருடைய பேச்சையும் வாங்கிக்கொண்டு அமைதியாய் இருக்கும் ஒரு பாட்டியையோ, ஓர் அத்தையையோ நாம் அறிவோம். அவர் இருக்கும்வரை அவர் என்ன செய்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் மறைந்தபின், அண்ணனுக்கும் தம்பிக்கும் தொடர்பில்லாத சினங்கள் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் ஏறத் தொடங்குகின்றன. அப்போது நடுவே சுவர் எழுப்புவதே பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அச்சுவரையும் தாண்டி உறவுகள் போய்வரத்தானே வேண்டும்? திரும்பும் வழியை அடைத்துவிட்டுப் போகும் வழியை மட்டும் திறந்து வைத்த இல்லங்களில் இரைச்சல் மிகுவதைப் பங்குப் பணியில் பலமுறை கண்டிருக்கிறோம்.

அந்தக் கருவி 2023-இல் ஒப்படைக்கப்பட்டது. அதன் மென்பொருளில் எந்தத் துடிப்பையும் மறைக்கும் ஏற்பாடு இல்லை. யாரோ ஒருவரின் படுக்கையருகே நள்ளிரவில் அது ஒலித்தால், காட்சித்திரைதான் மாறியிருக்கும் என்று எண்ணிச் செவிலியர் இருக்கையிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. எழுந்து சென்று பார்க்கலாம்.